நோட்டின் பின்பக்கத்தில் மிலான்

எங்கள் வீட்டு வரவு செலவு நோட்டு கனத்த காலிகோ பைண்டு. முன்பக்கத்திலிருந்து என் மனைவி எழுதுவாள்: பால், மளிகை, கரண்ட் பில், மாதத்துக்கு ஒரு பக்கம். பின்பக்கத்திலிருந்து, நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, நான் எழுதுவேன்: இத்தாலியின் ஏசி மிலான் கால்பந்து கிளப்பின் புள்ளிவிவரங்கள். பல வருடம் இரண்டு கணக்கும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் நடந்தன. ஒருநாள் அவள் நோட்டைத் தவறுதலாகத் திருப்பிப் பிடித்துவிட்டாள்.

"ஏங்க, யாரு இந்த மால்டினி? பேருக்கு நேரா 902ன்னு போட்டிருக்கு. வாங்கினீங்களா, கொடுத்தீங்களா?"

இரண்டும் இல்லை என்றேன். பாவ்லோ மால்டினி மிலானின் தடுப்பாட்டக்காரர். 1985 ஜனவரியில் பதினாறு வயதில் உதினேசே அணிக்கு எதிராக முதல் ஆட்டம். 2009 மே மாதம் ஓய்வு பெறும்வரை வேறு கிளப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மொத்தம் 902 ஆட்டம்.

"ஒரே இடத்துல இருபத்தஞ்சு வருஷமா? பி.எஃப். நல்லா வந்திருக்குமே" என்றாள், புளி வாங்கிய கணக்கைக் கூட்டிக்கொண்டே. மால்டினியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு மரியாதையாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

அவள் கேட்ட உற்சாகத்தில் குடும்பக் கதையையும் சொன்னேன். மால்டினியின் அப்பா சேசரே 1963இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் மிலான் கேப்டனாக ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார். சரியாக நாற்பது வருடம் கழித்து மகன், அதே இங்கிலாந்தில், மான்செஸ்டரில் தூக்கினார். மகன் போட்ட 3ஆம் எண் சட்டையை மிலானில் இனி வேறு யாரும் போட முடியாது, அவர் பிள்ளைகள் அங்கே ஆட வந்தால் மட்டும் போடலாம். "பட்டா நிலம் மாதிரி வாரிசுக்குத்தானா?" என்றாள். பேரன் டேனியல் மிலானுக்கு ஆட வந்தார், ஆனால் வேறு எண்ணில். பூர்வீகச் சொத்தைக் கேட்காத பேரன் என்ற வகையிலும் அது ஒரு சாதனைதான்.

இந்தப் பைத்தியம் எனக்கு 1990இல் பிடித்தது. தூர்தர்ஷன் உலகக் கோப்பையைக் காட்டிய வருடம். முதல் ஆட்டமே மிலான் நகரத்து சான் சீரோ மைதானத்தில். கேமரூன் 1-0 என்று அர்ஜென்டினாவைச் சாய்க்க, தெருவே மாரடோனாவுக்காகத் துக்கம் கொண்டாடியது. நான் மட்டும் மைதானத்து மூலைகளில் நின்ற சுருள் கோபுரங்களையும் கூரைமேல் ஓடிய சிவப்பு உத்தரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஹாலந்து அணியில் ரூட் குலிட்டின் சடைகளைப் பார்த்தேன். சடைக்காரர் அந்தச் சிவப்பு உத்தர ஊர்க் கிளப்பில்தான் வேலை பார்க்கிறார் என்று தெரிந்ததும் முடிவாகிவிட்டது. கல்யாணத்தைக்கூட நான் இவ்வளவு சீக்கிரம் முடிவு செய்யவில்லை.

மிலான் பிறந்தது 1899இல். பிறந்தபோது அது கால்பந்து மற்றும் கிரிக்கெட் கிளப். இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து ஜவுளித் தொழிலுக்காக இத்தாலி போன ஹெர்பர்ட் கில்பின் என்பவரும் நண்பர்களும் ஆரம்பித்தது. ஊருக்கு இத்தாலியன் பெயர் மிலானோ. கிளப்புக்கு மட்டும் ஆங்கிலேயர் உச்சரிப்பில் மிலான். முசோலினி காலத்தில் அதை மிலானோ என்று மாற்ற வைத்தார்கள். போர் முடிந்ததும் பழையபடி மிலான் ஆனது. கிரிக்கெட்டிலிருந்து தப்பிப் பிழைத்த ஒரு கிளப் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வரவுப் பக்கத்தில் நான் முதலில் எழுதிய எண் 58. 1991 மே மாதம் பார்மா அணியோடு டிரா செய்ததில் தொடங்கி, லீகில் 58 ஆட்டம் தோல்வியே இல்லை. நடுவில் 1991-92 பருவம் முழுவதும் ஒரு தோல்விகூட இல்லாமல் சாம்பியன். 1993 மார்ச் 21 அன்று சான் சீரோவிலேயே ஒரு ஃப்ரீகிக்கில் கணக்கை முடித்தவர் கொலம்பியாவின் அஸ்பிரியா. அவர் ஆடிய அணி? அதே பார்மா. பிள்ளையார் சுழி போட்டுக் கொடுத்தவர்களே கடைசியில் சுபம் போடவும் வந்துவிட்டார்கள்.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது 1993-94. அந்த வருடம் மிலான் 34 லீக் ஆட்டங்களில் அடித்த கோல் 36. ஆட்டத்துக்கு ஒன்றும் சொச்சமும். இந்தச் சம்பளத்தில் எவனாவது சாம்பியன் ஆவானா? ஆனார்கள். வாங்கிய கோல் வெறும் 15. வரவு 36, செலவு 15, கையிருப்பு 21. கோல்கீப்பர் செபாஸ்தியானோ ரோஸ்ஸி 929 நிமிடம் தொடர்ந்து ஒரு கோல்கூட விடவில்லை. அந்த சாதனையை உடைக்க பூஃபோன் வரவேண்டியிருந்தது, 2016இல். பின்பக்கத்துக் கணக்கில் என் மனைவி மனதாரப் பாராட்டிய ஒரே பதிவு இதுதான். "இவங்க வீட்டுல யாரோ பொம்பளை கணக்குப் பார்த்திருக்கா" என்றாள்.

மற்ற ரசிகர்கள் இத்தோடு நோட்டை மூடிவிடுவார்கள். நான் கணக்கு எழுதுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவன். செலவுப் பக்கமும் வைத்திருக்கிறேன்.

முதல் செலவு 1926. மிலானின் தலைவர் பியரோ பிரெல்லி, டயர் கம்பெனிக் குடும்பத்துக்காரர், சொந்த மைதானம் வேண்டுமென்று சான் சீரோவைக் கட்டினார். புதுமனை புகுவிழாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரை, அதாவது அதே ஊர் இன்டர் கிளப்பை, ஆட்டத்துக்கு அழைத்தார்கள். இன்டர் வந்து 6-3 என்று அடித்துவிட்டுப் போனது. பிறகு மைதானம் நகராட்சிக்குக் கைமாறி, 1947இல் இன்டரே அங்கே குடிவந்தது. 1980இல் மைதானத்துக்கு ஜுசேப்பே மியாட்ஸாவின் பெயரை வைத்தார்கள். அவர் மிலானுக்கும் இரண்டு வருடம் ஆடியவர்தான், ஆனால் உயிர் இன்டரில். வீட்டைக் கட்டியவர் இங்கே, வாசல் போர்டில் பெயர் வேறொருவருடையது. நம் தெருவில் என்றால் கேஸ் ஹைகோர்ட்டுவரை போயிருக்கும்.

அதே 1980இல்தான் சூதாட்ட ஊழலில் சிக்கி மிலானை இரண்டாம் டிவிஷனான சீரி பி-க்குத் தள்ளினார்கள். ஒரே வருடத்தில் அங்கே முதலிடம் பிடித்துத் திரும்பியது. திரும்பிய வருடமே மறுபடி இறங்கியது, இந்தத் தடவை யார் தூண்டுதலும் இல்லாமல் சொந்த முயற்சியில். 1982 மே மாதக் கடைசி ஆட்டத்தில் மிலான் செசேனாவை 3-2 என்று ஜெயித்தது. ஜெயித்தும் பயனில்லை. நேப்பிள்ஸில் நாப்போலியின் கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன நினைத்தாரோ, எதிரணிக்கு ஒரு கார்னரைத் தானமாகக் கொடுத்தார். அதில் ஜெனோவா கோலடித்து டிரா செய்துகொண்டது, மிலான் கீழே போனது. இன்டரின் உபதலைவராக நெடுங்காலம் இருந்த வக்கீல் பெப்பினோ பிரிஸ்கோ இதைச் சொல்லிச் சொல்லியே சந்தோஷமாக வாழ்ந்தார்: மிலான் இரண்டு தடவை பி-க்குப் போயிருக்கிறது, ஒரு தடவை காசு கொடுத்து, ஒரு தடவை ஓசியில். எதிரி சொன்னாலும் நல்ல வாக்கியம். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த 1982இல் மிலான் ஒரு கோப்பையும் வாங்கியது என்பது பலருக்குத் தெரியாது. மித்ரோப்பா கோப்பை. அப்போது அதில் ஆட ஒரு தகுதி வேண்டும்: முந்தைய வருடம் இரண்டாம் டிவிஷன் சாம்பியனாக இருக்க வேண்டும். இதை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்று எனக்கு இன்னும் தீரவில்லை.

லூதர் பிளிஸெட் விஷயத்தில் அந்தக் குழப்பம் இல்லை, செலவுதான். 1983இல் இங்கிலாந்திலிருந்து பெரிய விலை கொடுத்து வாங்கிய முன்கள வீரர். லீகில் 30 ஆட்டம், 5 கோல். ஒரே பருவத்தில் ஊர் போய்ச் சேர்ந்தார். ஆனால் பத்து வருடம் கழித்து இத்தாலியில் கலகக்காரக் கலைஞர்கள் கூட்டம் ஒன்று அவர் பெயரைப் பொதுப் புனைபெயராக வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தது. நூறு கோல் அடித்தவர்களுக்குக் கிடைக்காத இலக்கிய அந்தஸ்து.

இனி, நான் கையால் கெடுத்த பக்கம்.

ஐரோப்பியக் கோப்பைகளுக்கென்று தனிப் பக்கம் உண்டு. 1963, 1969, 1989, 1990, 1994, 2003 என்று ஆறு வரி. 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் லிவர்பூலோடு ஃபைனல். நமக்கு இரவு 12.15க்கு ஆரம்பம். முதல் நிமிடத்திலேயே மால்டினி கோல். பிறகு கிரெஸ்போ இரண்டு. இடைவேளையில் 3-0. மறுநாள் காலை ஆபீஸ். நோட்டை எடுத்தேன். பென்சிலில் எழுதியிருக்கலாம், பேனாதான் கிடைத்தது. "7. 2005, இஸ்தான்புல்" என்று எழுதி, அடியில் கோடும் போட்டு, டிவியை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பக்கத்து மேஜைக்காரர் லிவர்பூல் ரசிகர். தூங்காத கண்ணோடு வந்து என் முன்னால் நின்று ஆறு விரலைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. ஆறு நிமிடத்தில் மூன்று கோல் என்று விளக்கினார். 54ஆவது நிமிடம் ஜெரார்டு, 56 ஸ்மிட்ஸர், 60 அலோன்ஸோ. பெனால்ட்டியில் ஷெவ்சென்கோ அடித்த கடைசிப் பந்தையும் தடுத்து லிவர்பூல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஏழாவது வரியை அடித்தேன். "கணக்கை முன்கூட்டி எழுதாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது, பால்காரன் வராத நாளுக்கும் இப்படித்தான்" என்றாள்.

2007இல் அதே லிவர்பூல், இந்தத் தடவை ஏதென்ஸில். இரண்டு கோல் இன்சாகி அடித்தார். அதில் முதலாவது பிர்லோவின் ஃப்ரீகிக் அவர் மேல் பட்டுப் போனது. அவர் அடித்தார் என்பதைவிட அங்கே இருந்தார் என்பதே சரி. 89ஆவது நிமிடம் லிவர்பூல் ஒன்று அடித்தபோது பேனாவை அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். விசில் ஊதி, மால்டினி கோப்பையைத் தூக்கி, விளம்பரமும் வந்த பிறகுதான் நோட்டைத் திறந்தேன். அடித்த வரிக்குமேலேயே இஸ்தான்புல்லை ஏதென்ஸ் ஆக்கினேன். 2005இன் ஐந்தை ஏழாக்கப் பார்த்தேன், அது ஐந்தும் இல்லை ஏழும் இல்லை என்று நின்றுவிட்டது.

எட்டாவது வரி இன்னும் எழுதவில்லை. "காலியாத்தானே கிடக்கு" என்று சொல்லி, ஏழுக்குக் கீழே அவள் இப்போது கேஸ் சிலிண்டர் புக் செய்த தேதிகளை எழுதிவருகிறாள்.