படகுக்கு ஒரு கூரை

ஐப்பசி பிறக்கும்போது யாழ்ப்பாணத்திலும் ஒன்ராறியோவிலும் ஒரே வேலைதான் நடக்கிறது என்று சொன்னால், இரண்டு இடத்தையும் பார்த்திராதவர்கள் நம்பமாட்டார்கள். அங்கே வாடைக்காற்று எழுந்து கடல் குமுறத் தொடங்குகிற அந்த நாட்களில்தான் வள்ளங்களைக் கரையேற்றுவார்கள். இங்கே மேப்பிள் இலை சிவந்து உதிர்ந்து, நன்றியறிதல் நாள் விடுமுறை முடிந்த கையோடு, ஒன்ராறியோ ஏரியிலும் சிம்கோ ஏரியிலும் கோடை முழுவதும் மிதந்த படகுகளைத் தூக்கிக் கரையில் வைப்பார்கள். அங்கே மழைக்குப் பயம். இங்கே மழைக்கும் பனிக்கும், அவை இரண்டையும்விடப் பனியின்மேல் பெய்கிற மழைக்குப் பயம். கடற்கரையில் வளர்ந்து, 1980களின் இறுதியில் இந்தக் குளிருக்குள் வந்து சேர்ந்து, ஏரிக்கரையில் ஒரு பழைய மரப்படகையும் வாங்கி வைத்துக்கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டு கரைகளும் தனித்தனியாக நினைவுக்கு வருவதில்லை. ஒன்றைத் தொட்டால் மற்றதும் கூடவே வந்துவிடும்.

கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்த மணம் இன்றும் மூக்கில் நிற்கும். வள்ளத்தைப் பனங்குற்றிகளின்மேல் உருட்டி, எல்லாரும் குரல் கொடுத்துத் தள்ளி, அலை எட்டாத மேட்டுக்கு ஏற்றிப் பூவரசு நிழலில் இருத்திவிட்டு, பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி, பிறகு சுறா எண்ணெயை உள்ளும் புறமும் தேய்ப்பார்கள். அது உடுப்பிலும் தலைமயிரிலும் ஏறி, உண்ணுகிற சோற்றிலும் மணக்கும், ஆனால் எங்கள் தெருவில் யாரும் அதை நாற்றம் என்று சொன்னதில்லை. கடைசியாகக் கிடுகு. வள்ளத்தின் நீளத்துக்கு ஒரு முகட்டுத்தடி கட்டி, இரு பக்கமும் சரித்துக் கிடுகு வேய்ந்தால், குடிசைக்கு இருக்கிற அதே சரிவோடு ஒரு சின்னக் கூரை எழும்பிவிடும். மழை வழிந்து மணலுக்குள் இறங்கும். காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போகும். அடியில் கோழி முட்டையிடும், நாய் குட்டி போடும், பிள்ளைகள் நாங்கள் ஒளித்துப் பிடித்து விளையாடுவோம்.

பெருமழை விட்டதும் எங்களுக்கு ஒரு வேலை இருந்தது. கிடுகுக்குள் புகுந்து, வள்ளத்தின் அடியில் எங்காவது தண்ணீர் தேங்கி நின்றால் சிரட்டையால் அள்ளிக் கொட்டி, பழந்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எப்போதும் கடலில் கிடக்கிற வள்ளத்துக்கு இந்த ஒரு சிரட்டைத் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று கேட்டதற்குப் பெரியப்பா சொன்ன பதிலை இன்றைக்கும் அப்படியே சொல்வேன்: "கடல் தண்ணியில மரம் உக்காது, தம்பி. மழைத் தண்ணியிலதான் உக்கும். ஒரு சிரட்டையும் உள்ளுக்க நிக்க விடாதை." சொல்லிவிட்டு, பலகையில் பெருவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பார். நகம் ஏறாவிட்டால் மரம் சுகமாக இருக்கிறது. மெல்ல ஏறினால் உள்ளே உக்கத் தொடங்கிவிட்டது. மரத்தை உக்க வைக்கிற பூஞ்சணத்துக்கு உப்பு ஆகாது, நன்னீரும் அசையாத காற்றும்தான் வேண்டும் என்று பிற்காலத்தில் புத்தகங்களில் படித்தபோது, அவருடைய நகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் இங்கே வாங்கிய படகு சீடர் மரக் கீற்றுகளை ஓக் விலாச்சட்டங்களில் அறைந்து செய்தது. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே உள்ள பீற்றர்பரோ பட்டினம் அப்படிப்பட்ட படகுகளுக்கும் ஓடங்களுக்கும் ஒரு காலத்தில் பெயர் போனது. 1960களின் தொடக்கத்தில் அங்கே பெரிய பட்டறை மூடப்பட்ட பிறகும், அந்த மரபில் வந்த படகுகள் ஒன்ராறியோவின் ஏரிகளில் நிறையவே மிதந்துகொண்டிருந்தன. நன்னீர் ஏரியில் மிதக்கிற மரப்படகு, அதன்மேல் மழை, அதன்மேல் பனி என்று கேட்டால் பெரியப்பாவுக்கு நெஞ்சு பதறியிருக்கும். அதற்கு என்ன வைத்தியம் என்பதை, படகுகள் நிறுத்தி வைக்கும் அந்த முற்றத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவராக இருந்த, நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்த கிழவர் ஒருவர்தான் காட்டித் தந்தார்.

முதலில் படகின் அணியத்தைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும், பின்னாலுள்ள வடிகால் தக்கையைக் கழற்றி, தொலையாமல் சுக்கானில் கட்டித் தொங்கவிட வேண்டும். உள்ளே எது வந்தாலும் ஓடிப்போக அந்த ஓட்டை போதும். அடுத்தது முகட்டுத்தடி. நடுவில் செங்குத்தாகக் கால்கள் நிறுத்தி, அவற்றின் தலையில் பழைய டென்னிஸ் பந்துகளைக் கீறிச் செருகி, கித்தான் கிழியாதபடி காப்புச் செய்து, பனி தானாக வழுக்கி விழுகிற அளவுக்குச் செங்குத்தான சரிவு கொடுத்து, அதன்மேல் மெழுகு தோய்ந்த கனத்த கித்தானை விரிப்போம். கயிற்றை ஒருபோதும் படகைத் தாங்கி நிற்கிற கால்களில் கட்டக்கூடாது என்பதில் கிழவர் கண்டிப்பானவர். புயலில் கித்தான் படபடத்து இழுத்தால் கால் பெயர்ந்து, படகே சரிந்துவிடும். அதனால் கயிறு அடிவயிற்றின் கீழாகச் சுற்றி மறுபக்க ஓரத்துக்கே போகும், அல்லது மணல் நிரப்பிய வெறும் பால் கலன்கள் ஓரங்களில் வரிசையாகத் தொங்கும். இரண்டு முனைகளையும் முக்கோணமாகத் திறந்தே விடுவோம். சரிவு, வடிகால், காற்று. எங்கள் ஊர் வள்ளத்தில் கிடுகு செய்த காரியத்தைத்தான் இங்கே கித்தான் செய்தது.

பற்றரியைக் கழற்றி வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோவதும் அந்த ஒரு நாளின் வேலைகளில் அடக்கம்; முழுச் சார்ஜ் ஏறிய பற்றரி ஒன்ராறியோவின் எந்தக் குளிரையும் தாங்கும், இறங்கிப்போனது −10 பாகையிலேயே உறைந்து வெடிக்கும். இயந்திரத்தில் தண்ணீர் நின்றால் அது உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். வார்ப்பிரும்பையும் பிளக்க அது போதுமானது. இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியாது. ஒருவர் தடியைப் பிடிக்க, இன்னொருவர் கயிற்றை எறிய, மூன்றாமவர் தூரத்தில் நின்று "இடப்பக்கம் தொய்யுது" என்று சத்தம் போட வேண்டும். ஆகவே இந்தச் சனிக்கிழமை உங்கள் படகு, அடுத்த சனிக்கிழமை என் படகு என்று முறைவைத்து ஐப்பசி முழுவதும் போகும். நான் குடுவையில் இஞ்சி போட்ட பிளேன்டீயும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுபோவேன். கிழவர் பனங்கட்டியைக் கடைவாயில் அதக்கிக்கொண்டு, அட்லாந்திக் கரையில் மீன்பிடிக் கப்பல் கட்டியவர்கள் விலாச்சட்டங்களுக்கு இடையில் உப்பைக் கொட்டி நிரப்புவார்கள், மேலிருந்து மழைநீர் கசிந்தாலும் அது உப்புநீராகித்தான் மரத்தைத் தொடும் என்று சொன்ன நாளில் நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒருவர் பேர் ஒருவர் அறியாத இரண்டு கிழவர்கள், ஒருவர் பனியிலும் மற்றவர் வெயிலிலும் நின்று, ஒரே உண்மையை நகத்தாலும் நாக்காலும் அறிந்திருந்தார்கள்.

பதிலுக்கு நான் அன்னபூரணியின் கதையைச் சொன்னேன். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதைச் செலுத்திக்கொண்டு போய், 1938இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். குளோஸ்டர் என்ற பெயரைக் கேட்டதும் அவர் நிமிர்ந்துவிட்டார். அவர் சொன்ன உப்பு நிரப்பிய கப்பல்களுக்கு அதுவும் ஒரு தாய்வீடு. அதன் பிறகு எங்களுக்குள் ஊர்க்கதைக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

கட்டி முடித்தாலும் வேலை முடியாது. பனி கொட்டிய ஒவ்வொரு முறையும் போய்ப் பார்க்க வேண்டும். புதுப்பனி இலேசானது, ஊதினால் பறக்கும். ஒரு நாள் வெயிலில் இறுகி, அதன்மேல் மழையும் பெய்து ஊறிவிட்டால், ஒரு கன மீட்டர் 300 கிலோவைத் தாண்டும். 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள படகின்மேல் ஒரு முழங்கால் உயரத்துக்குக்கூட வேண்டாம், 30 சென்டிமீட்டர் ஈரப்பனி நின்றாலே அது ஒரு டன். 1999 ஜனவரியில் ரொறன்ரோவில் பனி ஓயாமல் கொட்டி, மேயர் இராணுவத்தை உதவிக்கு அழைத்தாரே, அந்த வாரம் நினைவிருக்கிறதா? தெருவைத் துப்புரவாக்கப் படைவீரர்கள் வந்துகொண்டிருந்தபோது நாங்கள் தும்புத்தடிகளோடு படகு முற்றத்தில் நின்றோம். மண்வெட்டி போட்டால் கித்தான் கிழியும். உள்ளே நுழைந்து உள்ளங்கையால் கீழிருந்து ஒரு தட்டுத் தட்டினால், சரிவு சரியாக இருக்கிற கூரையிலிருந்து பனி முழுப்பாளமாகச் சறுக்கி விழும். அந்தத் தட்டும், அதற்குப் பின் கித்தான் ஊடாக மஞ்சளாக இறங்குகிற வெளிச்சமும், குளிரிலும் போகாத சீடர் மர வாசனையும் அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வசந்தத்தில் படகை இறக்குகிற நாள் இன்னொரு திருவிழா. குளிர்காலம் முழுவதும் காய்ந்த மரம் சுருங்கியிருக்கும். தண்ணீரில் விட்டதும் இடுக்கெல்லாம் ஒழுகும். இரவெல்லாம் பக்கத்தில் இருந்து அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தால், மரம் மெல்ல மெல்ல நீர் குடித்து ஊதி, தன் இடுக்குகளைத் தானே அடைத்துக்கொள்ளும். விடியும்போது ஒழுக்கு நின்றிருக்கும். மரம் உயிருள்ளது என்பதை அதைவிட நேராகக் காட்டுகிற வேறொன்றை நான் கண்டதில்லை.

பிறகு நீலத் தறப்பாள் வந்தது. மலிவு, இலேசு, ஒருவரே விரிக்கலாம். முகட்டுத்தடி தேவையில்லை என்று பலரும் நினைத்தார்கள்; தொய்ந்த இடத்தில் மழைநீர் குளமாக நின்று உறைந்தது, தறப்பாளோ வெயில் பட்டு நூல் நூலாகப் பிரிந்தது. காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டிய படகுகள் பனிக்குத் தப்பின. ஆனால் உள்ளே மூச்சு முட்டி வியர்த்து, வசந்தத்தில் திறக்கும்போது மெத்தையெல்லாம் பூஞ்சணம் பூத்திருந்தது.

இன்றைக்கு ஷ்ரிங்க் ராப். இரண்டு இளைஞர்கள் வருகிறார்கள், சுருளிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக்கை உருவிப் படகின்மேல் போர்த்துகிறார்கள், அடியில் பட்டி கட்டி ஓரங்களை ஒட்டுகிறார்கள், வாயுச் சுடரை மேலே தடவிக்கொண்டு போகிறார்கள். பிளாஸ்டிக் சுருங்கி, மத்தளத் தோல்போல விறைத்து நிற்கிறது. ஒரு காலைப்பொழுது கூட ஆவதில்லை. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். கித்தானைவிட அது நன்றாகவே காக்கிறது. படபடத்து வண்ணத்தை உரசுவதில்லை. பனி அதில் நிற்பதுமில்லை. வயதானவர்கள் ஏணியில் ஏறத் தேவையில்லாமல் போனதற்கு நான் உண்மையாகவே நன்றி சொல்கிறேன். வசந்தத்தில் கத்தியால் கிழித்துப் போடுகிற அந்த வெள்ளைக் குவியலைப் பார்க்கும்போதுதான் மனம் சங்கடப்படும். பட்டிகளைப் பிரித்தெடுத்துக் கொடுத்தால் அதை மறுசுழற்சி செய்யலாம், செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த இளைஞர்கள் கடைசியாகச் செய்கிற காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இவ்வளவு இறுக்கமாக மூடிய உறையில் அங்கங்கே வட்டமாக வெட்டி, காற்று போகச் சின்னச் சின்ன மூடாக்குகளை ஒட்டுகிறார்கள். நடுவில் முகட்டுச் சரிவு, அடியில் தக்கை கழற்றிய ஓட்டை, பக்கங்களில் காற்றுவழி. கிடுகிலிருந்து கித்தானுக்கும், கித்தானிலிருந்து தறப்பாளுக்கும், தறப்பாளிலிருந்து இதற்கும் வந்த மனித புத்தி, கடைசியில் பெரியப்பாவின் கூரைக்கே வந்து நிற்கிறது. படகைக் காப்பது என்பது அதை அடைத்து வைப்பதல்ல. வருகிற தண்ணீருக்கு ஒரு வழியும் காற்றுக்கு ஒரு வழியும் விட்டு வைப்பது. எங்கள் கரையிலும் இப்போது மரவள்ளங்கள் அருகிவிட்டன. சுனாமிக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் பைபர் படகுகள். அவற்றுக்குச் சுறா எண்ணெயும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம். ஆனாலும் மழைநீர் தேங்கவிடாதே என்ற பாடம் அவற்றுக்கும் பொருந்தும்.

போனது வேலை மட்டும் என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. வேலையோடு சேர்ந்து, ஒருவர் படகுக்கு மற்றவர் கயிறு பிடித்த சனிக்கிழமைகளும், பனி விட்டதும் என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடிய நடையும் போய்விட்டன. கைப்பேசியில் கமெரா காட்டுகிறது, அது போதும் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் அந்தப் போக்குவரவை யாரும் எங்களிடமிருந்து பறிக்கவில்லை. தேவை இல்லை என்றதும் நாங்களே விட்டுவிட்டோம். அதனால்தான் இப்போது என் மகளின் பைபர் படகை மூட ஆட்கள் வரும்போது, காற்றுவழி இன்னும் இரண்டு கூட்டி வையுங்கள் என்று கேட்டு நிற்கிறேன். பெரும்பனி பெய்து விட்டால், ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்தும், அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். உங்களுக்கும் கரையில் ஒரு படகு இருந்தால், அடுத்த பனி விட்டதும் ஒரு தரம் போய்ப் பாருங்கள். பக்கத்துப் படகுக்காரரும் வந்திருந்தால், அவருக்கும் சேர்த்துத் தேநீர் கொண்டுபோங்கள்.