ஹர்த்தால் சைக்கிள்காரனின் நன்றி மடல்

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள், செயலாளர் அவர்கள்,
கொச்சி மாநகராட்சி.

பொருள்: மோட்டார் வாகனம் நுழையாத சைக்கிள் பாதைகளை உருவாக்கித் தந்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

மட்டாஞ்சேரியில் சைக்கிள் மிதிக்கும் தமிழன் ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. குப்பை, கொசு, உடைந்த சாக்கடை ஸ்லாப் என்று தினமும் புகார் படித்துச் சலித்திருப்பீர்கள். இது புகார் இல்லை, நன்றி. எந்த செக்‌ஷனுக்கு அனுப்புவது என்று தபால் பிரிப்பவர் திகைத்தால், உங்கள் மேசையிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.

இந்தியாவிலேயே பெரிய சைக்கிள் பாதை கொச்சியில்தான் இருக்கிறது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஃபோர்ட் கொச்சியில் ஏறி உட்கார்ந்தால் தோப்பும்படி, பள்ளுருத்தி, தெற்கே செல்லானம் வரை போகலாம். தனியார் பஸ் பின்னால் வந்து ஹார்ன் அடித்துக் காதைக் கிழிக்காது. கார் கதவு திடீரென்று முகத்துக்கு நேரே திறக்காது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ராஜபாட்டை. ஆண்டுக்குச் சில நாள் மட்டுமே திறந்திருக்கும் என்பதுதான் சின்னக் குறை. அந்தக் கடையடைப்பு நாட்களுக்கு ஹர்த்தால் என்று பெயர்.

இதில் உங்கள் பங்கு ஒன்றும் இல்லை என்று தன்னடக்கத்தோடு சொல்வீர்கள். அப்படி இல்லை. மீதி நாட்களில் நீங்கள் எதுவும் செய்யாமல் இருப்பதால்தானே அந்த ஒரு நாளின் அருமை எங்களுக்குத் தெரிகிறது!

இந்தத் திட்டத்துக்குச் சட்டப் பின்னணியும் வலுவாக இருக்கிறது. 1997இல் பந்த் நடத்துவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சைக்கிள்காரர்கள் கதிகலங்கிப் போனோம். நல்லவேளை, கட்சிகள் எங்களைக் கைவிடவில்லை. அதையே ஹர்த்தால் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இன்னொரு உபகாரம் செய்தது: ஹர்த்தால் நடத்துவதானால் ஏழு நாள் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். செயினுக்கு எண்ணெய் விடவும், பிரேக் கட்டை மாற்றவும், பின் வீட்டுப் பையனுக்குச் சைக்கிள் கற்றுத்தருவதாக வாக்குக் கொடுக்கவும் ஏழு நாள் தாராளம். 2025 ஜூலை 9ஆம் தேதி தொழிற்சங்கங்கள் நடத்திய நாடு தழுவிய வேலைநிறுத்தம் பல மாநிலங்களில் பத்திரிகைச் செய்தியோடு முடிந்தது. கேரளத்தில் சாலையே எங்களுக்குக் கிடைத்தது.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974 முதல் ஹர்த்தால் இல்லாமலே இதைச் செய்கிறார்கள். ஞாயிறும் விடுமுறை நாளும் காலை ஏழு முதல் பிற்பகல் இரண்டு வரை, நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலைகளை மூடி சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். அங்கே பஸ் கண்ணாடி ஒன்றுகூட உடைவதில்லை. கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு தெருமுனையை எட்டிப்பார்ப்பதில்லை. சுவாரசியமில்லாத ஊர். அதைப் பார்த்துவர உறுப்பினர்கள் யாரும் விமானம் ஏற வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

இரண்டாவது பாதை, டிசம்பர் 31 இரவு. பாப்பாஞ்ஞி என்ற உருவப் பொம்மையை எரிப்பதற்காக ஃபோர்ட் கொச்சிக்குள் வண்டிகளை விடாமல் போலீஸ் தடுக்கிறது. அன்று கடற்கரை முழுக்க மனிதர்கள்தான். சைக்கிள் ஓட்ட இடமிருக்காது, வாஸ்தவம். ஆனால் நினைத்தால் இந்த ஊரில் காரைத் தடுத்து நிறுத்த முடியும் என்பதற்கு ஆண்டுக்கொரு முறை நிரூபணம் கிடைக்கிறது.

மூன்றாவது, தண்ணீரில் போகிற பாதை. ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பீனுக்கு, வண்டிகளை ஏற்றிச் செல்லும் உங்கள் ரோ-ரோ படகுகள், சேதுசாகர் ஒன்றும் இரண்டும், 2018 முதல் ஓடுகின்றன. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டியவை. தரை வழியே ஊரைச் சுற்றிப் போக வேண்டிய தூரத்தைச் சில நிமிடத்தில் கடந்துவிடலாம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், மிதிக்கக்கூட வேண்டாம். இரண்டில் ஒன்று பழுதாகிற நாட்களில் கார்களின் வரிசை வளைந்து நெளிந்து பின்னால் போகிறது. சைக்கிள்காரன் இடுக்கில் புகுந்து முன்னால் வந்துவிடுகிறான். ஆகவே பழுது பார்ப்பதில் அவசரம் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்கு அவசியமிருக்காது.

மாநில அரசின் தாராளத்தையும் சொல்லியாக வேண்டும். பூவாரிலிருந்து குஞ்சத்தூர் வரை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடலோர நெடுஞ்சாலைத் திட்டத்தில் வழிநெடுக சைக்கிள் பாதை உண்டு. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பீனுக்கும் இடையே கப்பல் கால்வாய்க்கு அடியில் சுரங்கம் தோண்டும் யோசனையும் வந்தது. மகிழ்ச்சி. கடலுக்கு அடியில் இடம் பார்க்கிற அரசுக்கு பஜார் ரோட்டின் ஓரத்தில் ஒரு முழம் இடம் கண்ணில் படவில்லையே என்று பொறாமைக்காரர்கள் கேட்பார்கள். காதில் வாங்காதீர்கள்.

2021இல் 'சைக்கிள் வித் கொச்சி' என்று தொடங்கி, பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். இதை மட்டும் கிண்டலில்லாமல் பாராட்டுகிறேன். 1990 பிப்ரவரியில் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று எர்ணாகுளத்தை அறிவித்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டில் எங்கள் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிக்கக் கற்றார்கள். கல் உடைக்கிறவர்களும் பூ விற்கிறவர்களும் கிராமத்துச் செவிலியர்களும் மறுநாளே அதில் வேலைக்குப் போனார்கள். புதுக்கோட்டைச் சாலை காலியாக இருந்தது. உங்கள் மாணவி மைதானத்தில் ஓட்டக் கற்று, வாசலைத் தாண்டியதும் என்ன செய்வாள்? சாய்ந்து தொங்கும் கேபிளுக்குக் குனிந்து, பள்ளத்துக்கு ஒதுங்கி, லிமிடெட் ஸ்டாப் பஸ்ஸுக்கு வழிவிட்டு, நடைபாதைமேல் ஏறலாமென்று பார்த்தால் அங்கே ஸ்கூட்டர் நிற்கும். 2016 ஜனவரியில் ஸ்மார்ட் நகரங்களின் முதல் பட்டியலில் 20 ஊர்களில் ஒன்றாக வந்தோம். ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் அந்தத் திட்டத்துக்குள் இருந்தன. அதன் புண்ணியத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கும் டைல்ஸ் நன்றாகவே இருக்கிறது.

இங்கே ஒரு சந்தேகம். உங்கள் ஆவணங்களில் வருகிற சைக்கிள்காரர் ஹெல்மெட்டும் இறுக்கமான பனியனும் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கன்டெய்னர் ரோட்டில் போகிறவர். நல்ல மனிதர், அவரோடு எனக்கு விரோதமில்லை. ஆனால் மட்டாஞ்சேரியில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் வேறு. கேரியரில் மீன் பெட்டி கட்டியவர், முன்னால் லாட்டரிச் சீட்டுப் பலகை பொருத்தியவர், இஞ்சி கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு வீடு திரும்புகிறவர். டச்சுக்காரர்கள் கொண்டுவந்து குடியமர்த்தியதாகச் சொல்லப்படும் எங்கள் வண்ணார் குடும்பத்தினர் வெளி என்ற இடத்திலுள்ள தோபிகானாவில் இன்றும் வெளுக்கிறார்கள். உலர்ந்த துணி ஹோட்டலுக்குப் போயாக வேண்டும். இவர்கள் யாரும் உடம்பைக் குறைக்க மிதிக்கவில்லை. இவர்கள் எந்த வரைபடத்திலும் இல்லாததால், சைக்கிள் பாதை என்றதும் உங்களுக்குக் கடற்கரையும் சூரியாஸ்தமனமும் மட்டுமே ஞாபகம் வருகிறது.

பஜார் ரோடு காருக்காகப் போட்டதே இல்லை. சரக்கு காயலில் வள்ளத்தில் வந்து கிடங்கின் பின்வாசலில் இறங்கும். முன்வாசலில் கைவண்டி போகும். அந்த அளவுக்குத்தான் அகலம். இன்று அதில் லாரி நின்று மிளகு இறக்குகிறது, எதிரே சுற்றுலாக் கார் வந்து மூக்கை நுழைக்கிறது, நடுவில் மீன்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்கிறார்.

ஆகவே நன்றியோடு ஒரு சிறு விண்ணப்பம். கல்வத்தியிலிருந்து ஜூத் தெரு வரை பஜார் ரோட்டை ஞாயிறு காலை மட்டும் மோட்டார் வண்டிக்கு மூடுங்கள். நடந்தே அரை மணியில் தீர்ந்துவிடும் சாலை. அன்று கிடங்குகளுக்கும் விடுமுறை. டெண்டர் வேண்டாம், கன்சல்டன்ட் வேண்டாம், நாலு பாரிகேடும் இரண்டு போலீஸ்காரரும் போதும். புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை மாலை ஆறு முதல் மறுநாள் காலை ஏழரை வரை தினமும் இப்படித்தான் மூடுகிறார்கள். அங்கே வானம் இடிந்து விழவில்லை. அது பழகிய பிறகு, வார நாட்களில் லாரி இறக்கும் நேரத்தை இரவுக்குத் தள்ளுவது பற்றிப் பேசலாம். மீன்காரருக்கு உதவப்போவது உண்மையில் அதுதான்.

'அது எங்கள் சாலை இல்லை' என்று பதில் வரக்கூடும் என்பதும் தெரியும். 1967இல் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் நகராட்சிகளைச் சேர்த்து உங்களை உண்டாக்கினார்கள். சாலைகளைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். மட்டாஞ்சேரியிலிருந்து கிளம்பும் சைக்கிள் வெலிங்டன் தீவு வழியாக எர்ணாகுளம் சேர்வதற்குள் மாநகராட்சி, பொதுப்பணித் துறை, துறைமுக ஆணையம், தேசிய நெடுஞ்சாலை என்று பல எஜமானர்களின் எல்லையைத் தாண்டுகிறது. பக்கத்துச் சுவருக்குள் கடற்படை வேறு. எனவே இவர்கள் அனைவருக்கும் இக்கடிதத்தின் நகல் அனுப்பியிருக்கிறேன். பஜார் ரோடு தங்களுடையது அல்ல என்று கருதுகிறவர்கள் அதை முப்பது நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். எல்லாரும் மறுத்துவிட்டால் அது உரிமையாளர் இல்லாத சாலை என்று கொண்டு, அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாங்களே பாரிகேட் வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
மட்டாஞ்சேரி சைக்கிள்காரன்