இருபத்திரண்டு பெயர்கள், ஒரு கட்டுரை

‘ஆய்வு 329’ பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மனச்சோர்வு கொண்ட பதின்பருவத்தினர் 275 பேரிடம் பராக்ஸெடின் மாத்திரை வேலை செய்கிறதா என்று 1990களில் நடந்த சோதனை. முன்கூட்டியே எழுதிவைத்த இரண்டு முதன்மை அளவுகோல்களிலும் வெற்று மாத்திரையை அதனால் வெல்ல முடியவில்லை. அதனால் என்ன, அளவுகோலுக்கா பஞ்சம்? புதிதாகச் சிலவற்றைத் தேடி எடுத்தார்கள். மருந்து ‘பொதுவாக உடலுக்கு நன்கு ஒத்துக்கொள்கிறது, பயனுள்ளது’ என்று 2001இல் கட்டுரை வெளிவந்தது. தற்கொலை எண்ணமும் முயற்சியும் அதில் ‘உணர்ச்சித் தடுமாற்றம்’ என்ற நாகரிகமான பெயரில் ஒதுங்கி நின்றன.

கட்டுரைக்கு ஆசிரியர்கள் 22 பேர். கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பட்டியல்கூட இதைவிடச் சிறியதாக இருக்கும். முதல் வரைவை எழுதியவரோ மருந்து நிறுவனம் கூலிக்கு அமர்த்திய ஓர் எழுத்தர்; அவர் அந்தப் பட்டியலில் இல்லை.

2012இல் பராக்ஸெடினைத் தயாரித்த கிளாக்ஸோ ஸ்மித்க்லைன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இந்த மருந்துக்கும் வேறு சில மருந்துகளுக்கும் சேர்த்து 300 கோடி டாலர் கட்டியது. 2015இல் அதே தரவுகளை வேறு ஆய்வாளர்கள் மறுபடி அலசி, மருந்தால் பயனில்லை, தீங்குதான் உண்டு என்றார்கள். அப்போதும் அதை வெளியிட்ட ஆய்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை. பணம் கட்டியது நிறுவனம், பாதிக்கப்பட்டது பிள்ளைகள். அந்த 22 பேருக்கு? வெளியீட்டுப் பட்டியலில் ஒரு வரி கூடியது.