நாடகம் பார்த்தவர்

சினிமாக் கொட்டகையில் விளக்கு அணைந்து, பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கி, இன்னாருடைய நாடகத்தைத் தழுவியது என்ற வரி திரையில் தோன்றும் அந்த க்ஷணத்தில், பின்வரிசையிலிருந்து யாரேனும் தொண்டையைக் கனைக்கும் சப்தம் கேட்குமானால், நாம் கொடுத்த டிக்கெட் காசில் பாதி போயிற்று என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம். அந்தக் கனைப்புக்கு உரியவரை 'நாடகம் பார்த்தவர்' என்று அழைப்பது என் வழக்கம். ஊருக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் தெருவில் இருப்பவர் முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து பென்ஷன் வாங்கியவர். ஆகையால், தாம் பிரத்யட்சமாகக் கண்டதைத் தவிர வேறெதையும் பிரமாணமாக ஏற்பதில்லை என்ற வைராக்கியமும் அவரிடம் கூடவே சேர்ந்துகொண்டது.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன். ஹாஸ்யம் வருவதற்கு அரை நிமிஷம் முன்பே அவர் சிரித்து முடித்துவிடுவார். மரணம் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்பே கைக்குட்டை வெளியே வந்துவிடும். நாமோ எங்கே சிரிப்பது, எங்கே அழுவது என்று விளங்காமல், திரையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். நாடகத்தில் இருந்து படத்தில் விடுபட்டுப்போன வசனங்களைத் தாமே மெல்லிய குரலில் பூர்த்தி செய்து கொடுப்பார். மெல்லிய குரல் என்பது அவருடைய மதிப்பீடு.

இது அவர் வம்சத்துக்கே உரிய சுபாவம் என்று சொல்லவேண்டும். அவருடைய தகப்பனார், 'மனோகரா' நாடகத்தை எழுதிய பம்மல் சம்பந்த முதலியாரே மேடையேறி மனோகரனாக நடித்ததைப் பார்த்தவராம். 'மனோகரா' 1936இல் முதல் தடவை பேசும் படமாக வந்தபோது முதலியாரே அதில் அரசர் வேஷம் தாங்கியிருந்தும் பெரியவருக்குத் திருப்தி உண்டாகவில்லை. 1954இல் கருணாநிதியின் வசனத்தோடு அதே கதை மறுபடியும் வந்து, சிவாஜி கணேசன் சங்கிலிகளோடு முழங்கி நாடெங்கும் கரகோஷம் வாங்கிய சமயத்தில், பெரியவர் இடைவேளையிலேயே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்வி. அதே ஆண்டில்தான் எம். ஆர். ராதாவின் 'இரத்தக் கண்ணீர்' படமும் வெளியாயிற்று. தகப்பனார் திண்ணையின் ஒரு மூலையிலும் புதல்வர் மறு மூலையிலும் அமர்ந்து, தத்தம் நாடகத்துக்கு நேர்ந்த கதியை நினைத்து ஏங்கிய அந்த 1954, அக்குடும்பத்துக்கு அவ்வளவு நல்ல வருஷமல்ல.

'இரத்தக் கண்ணீர்' விஷயத்தில் சிரஸ்தாருக்கு என்ன குறை என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. மேடையில் மோகனசுந்தரமாக வந்த ராதாவே படத்திலும் வந்தார்; நாடகத்தை எழுதிய திருவாரூர் தங்கராசுவே வசனமும் எழுதினார்; டைரக்டர்கள் கிருஷ்ணனும் பஞ்சுவும் அனுபவஸ்தர்கள். நாடகத்துக்கு இதைக் காட்டிலும் விசுவாசமாக ஒரு படத்தை எடுக்க முடியுமா என்று ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேவிட்டேன்.

"நீங்க பார்த்தது படம். நான் பார்த்தது மனுஷன்" என்றார் சிரஸ்தார்.

விஷயம் என்னவென்றால், ராதா மேடையில் இன்று பேசியதை நாளை அப்படியே பேசுபவரல்லர். காலைப் பத்திரிகையில் மந்திரி ஒருவர் ஏதாவது சொல்லியிருந்தால் இரவு நாடகத்தில் அதற்குப் பதில் கிடைக்கும். கொட்டகையில் ஒருவன் கூச்சலிட்டால் அவனுக்கும் தனியாக ஒரு வசனம் கிடைக்கும். ஆகவே, தஞ்சாவூரில் நடந்த 'இரத்தக் கண்ணீர்' வேறு, மதுரையில் நடந்தது வேறு. படச்சுருளோ ஒரே ஒரு பேச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே எல்லா ஊரிலும் எல்லா நாளும் ஒப்பிக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் நம் சிரஸ்தாரும், மதுரையில் நாடகம் பார்த்த இன்னொரு பெரியவரும் சந்தித்ததை நான் கண்டிருக்கிறேன். படம் நாடகத்துக்கு ஈடாகாது என்பதில் ஏகமனதாகத் தொடங்கிய சம்பாஷணை, குஷ்டரோகியாக வந்த ராதா இன்ன இடத்தில் என்ன பேசினார் என்ற இடத்துக்கு வந்ததும் தடம் புரண்டு, பந்தியில் பாயசம் பரிமாறும் வரையில் ஓயவில்லை. இருவரும் சொன்னது சத்தியம். அதனால்தான் சமாதானத்துக்கு வழியில்லாமல் போயிற்று.

சிரஸ்தாருக்கு வாய்த்த மாப்பிள்ளை பாங்கு உத்தியோகஸ்தர், நாடகமே பார்க்காதவர். 1970இல் 'வியட்நாம் வீடு' படமாக வந்தபோது மாமனாரும் மருமகனும் சேர்ந்து போய்வந்தார்கள். பிரெஸ்டிஜ் பத்மநாபனாகச் சிவாஜியை மேடையிலே பார்த்த மாமனாருக்கு, படத்தில் பாட்டும் பத்மினியும் வந்து சேர்ந்தது பொறுக்கவில்லை.

"நாடகத்தை எங்கே மாப்பிள்ளை விட்டுவெச்சிருக்கான்?"

"படம் எங்கே மாமா எடுத்திருக்காங்க? நாடகத்துக்கு முன்னாலே காமிராவைக் கொண்டுபோய் வெச்சிருக்காங்க."

இரண்டு தீர்ப்பும் ஒரே காட்சியைப் பற்றியவை என்பதுதான் வேடிக்கை. மேடை நடிகன் கடைசி பெஞ்சில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவனுக்கும் எட்டும்படி குரலை வீசவேண்டியவன். புருவத்தை உயர்த்தினால் அது அங்கேயும் தெரியவேண்டும். காமிராவோ முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் வந்து நிற்கிறது. கடைசி பெஞ்சுக்காக எழுந்த குரல் மாப்பிள்ளையின் காதருகில் வெடிக்கும்போது அவர் மிகை என்கிறார். அந்தக் கடைசி பெஞ்சிலேயே அமர்ந்து நாடகம் பார்த்த மாமனாருக்கு அதே குரல் கொஞ்சம் குறைந்துவிட்டதாகப் படுகிறது. கைதட்டலுக்காக மேடையில் நடிகர் நிறுத்தும் இடைவெளி இருக்கிறதே, அதுவும் சில சமயம் வசனத்தோடு வசனமாகப் படத்துக்குள் வந்துவிடுவதுண்டு. முதல் நாள் முதல் ஆட்டத்தில் அதை விசில் நிரப்பிவிடும். பன்னிரண்டு பேர் அமர்ந்திருக்கும் மத்தியான ஆட்டத்தில் மின்விசிறியின் சப்தம் மட்டுமே கேட்கும். மாப்பிள்ளை எப்போதும் மத்தியான ஆட்டத்துக்குப் போகிறவர்.

நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. ஆனால் சிரஸ்தாரின் கட்சிக்கு ஒரு சௌகரியம் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். படத்தை யார் வேண்டுமானாலும் மறுபடி ஓட்டிப் பார்த்து, அவர் சொல்வது சரியா என்று பரிசோதிக்கலாம். நாடகமோ அன்றிரவே திரை விழுந்து, பெட்ரோமாக்ஸ் விளக்கு அணைந்து, வண்டியேறிப் போய்விட்டது. சாட்சி அவர் ஒருவர். குறுக்கு விசாரணைக்கு ஆளில்லை. இத்தனை வருஷம் கோர்ட்டில் உத்தியோகம் பார்த்தவருக்கு இதைவிடப் பந்தோபஸ்தான வழக்கு கிடைக்குமா?

1975க்குப் பிறகு சென்னைத் தொலைக்காட்சி வந்து, தெருவில் ஒரு வீட்டில் பெட்டியும் வந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பழைய படங்கள் வரலாயின. ஒரு ஞாயிறு 'இரத்தக் கண்ணீர்' வந்தது. பேரப்பிள்ளை பார்த்துவிட்டு, "தாத்தா, எதுக்கு இந்த மாதிரி கத்தறாரு?" என்று கேட்டான். சிரஸ்தாருக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "இந்தச் சின்னப் பெட்டியிலே பார்த்துட்டு அபிப்பிராயம் சொல்லாதேடா! கொட்டகையிலே, பெரிய திரையிலே பார்த்திருக்கியா நீ? படம்னா அது படம்!" என்று, இருபது வருஷத்துக்கு மேலாகத் தாம் தூஷித்து வந்த அதே படத்துக்காக எழுந்து நின்று வாதாடினார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவருடைய சம்சாரம் தலை நிமிரவில்லை. அந்த அம்மாளுக்கு அந்தப் படம் ஆதிமுதலே பிடிக்கும். வெளியான காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களோடு தரை டிக்கெட்டில் மூன்று தடவை போய்வந்தவர். நாடகத்தைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குக் கேட்கத் தோன்றிற்று.

"எனக்கென்னங்க தெரியும்? இவங்க அன்னிக்கு ஒரு டிக்கெட்டுதான் வாங்கினாங்க" என்றார்.