துறவுக்கும் ரயில் கட்டணம் உண்டு

பணத்தைத் தொடாமல் வாழ முதலில் கொஞ்சம் பணம் வேண்டும். சான்றுக்குத் தூரம் போக வேண்டாம். விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, 1896-இல் மதுரையை விட்டுக் கிளம்பியபோது, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டார். வழியில் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினார். மிச்சத்தைத் திருவண்ணாமலை அய்யங்குளத்தில் வீசியபின் காசு பக்கம் திரும்பவில்லை. குளம் வரை கொண்டுவிட்டது காசுதான். ரயில்வேக்காரர்கள் ஞானத்துக்குத் தள்ளுபடி தருவதில்லை. “அதன்பின் அவர் தொடவில்லையே” என்பார்கள். உண்மை. ஆனால் ஆசிரமத்தில் உலை கொதித்தது. அரிசிக்குக் கொடுத்தவர்கள் இருந்தார்கள், நிர்வாகத்தைத் தம்பி பார்த்துக்கொண்டார். ஒருவர் காசைத் தொடாதிருக்கப் பலர் தொட வேண்டியிருக்கிறது.

பண்டமாற்று இருக்கிறதே என்று இக்காலத்து எளிமைவாதிகள் சொல்லலாம். அதே மாவட்டத்து ஆமத்தூரில் அதைச் சோதிப்பது சுலபம். சுற்றுவட்டாரத்தில் கையிருப்பு வெடியும் தீப்பெட்டியும். ஐப்பசியில் மத்தாப்புக்கு அரிசி கிடைக்கலாம். மாசியில் மளிகைக்காரர் மத்தாப்பைக் கொளுத்தியா சாப்பிடுவார்? உரிமமில்லாமல் வெடி விற்றால் சாப்பாடு நிச்சயம், சிறையில். மற்றபடி இவ்வட்டாரத்தில் பணமில்லா வாழ்க்கைக்குப் பயிற்சி குறைவில்லை. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும், மழை வந்தால் வெடிமருந்து காயாது, வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஆனால் அதை யாரும் துறவு என்று சொல்லி மாலை போடுவதில்லை. அடகுக்கடையில் அதற்கு வேறு பெயர்.