நுரைக்குள்ளே என்ன இருக்கிறது?

மொன்றியல் நோத்ர-டாம்-த-கிரேஸ் வாசகர்கள் கேட்டவை

கேள்வி: சீயக்காயில் சவர்க்காரம் இல்லை. பிறகு எப்படி எண்ணெயைக் கழற்றுகிறது? (ஷெர்புரூக் வீதி மேற்கு வாசகி)

பதில்: அதில் சப்போனின் இருக்கிறது. 30 காபன் அணுக்களால் ஆன ட்ரைடெர்ப்பீன் அதன் உடல். உடலோடு சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். உடல் எண்ணெயோடு சேரும், சர்க்கரை தண்ணீரோடு சேரும். ஒரே மூலக்கூறு இரண்டையும் பிடித்துக்கொள்வதால் தலையில் வைத்த நல்லெண்ணெய் தண்ணீரோடு போய்விடுகிறது. சவர்க்காரம் காரம், சீயக்காய்க் கரைசல் சற்று அமிலம். முழுகிய பிறகு முடி மென்மையாக இருப்பதற்கு அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. குழாய்த் தண்ணீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரம் வெள்ளைப் படிவாகும். சப்போனின் அப்படிப் படிவதில்லை.

கேள்வி: நுரை கூடினால் அழுக்கும் கூடப் போகுமா?

பதில்: இல்லை. நுரை என்பது காற்று. அழுக்கை எடுப்பது தண்ணீருக்குள் இருக்கும் மூலக்கூறு. அரப்புத் தூள் அதிகம் நுரைக்காது, ஆனாலும் எண்ணெய் போகும்.

கேள்வி: இலையுதிர் காலத்தில் பூங்காவில் பிள்ளைகள் பளபளவென்று மண்ணிறக் கொட்டைகள் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். வறுத்துக் கொடுக்கலாமா? (மங்க்லண்ட் அவென்யூ தகப்பன்)

பதில்: வேண்டாம், வறுத்தும் வேண்டாம். நகர மரங்களின் அடியில் அப்படிக் கிடப்பவை பெரும்பாலும் குதிரைக் கஷ்கொட்டை. அதிலுள்ள ஈசின் என்ற சப்போனின் வாந்தி, வயிற்றோட்டம் கொண்டுவரும். உண்ணும் கஷ்கொட்டையின் கோது முழுக்க ஊசி முள்ளாக இருக்கும்; கொட்டைக்கு ஒரு கூர்முனை உண்டு. குதிரைக் கஷ்கொட்டையில் முட்கள் ஐதாகவும் தடிப்பாகவும் இருக்கும். கொட்டை வழுவழுவென்று, முனையில்லாமல் இருக்கும். யாராவது தின்றுவிட்டால் கியூபெக் நச்சுக் கட்டுப்பாட்டு நிலையத்தை (1-800-463-5060) அழையுங்கள். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்: குதிரைக் கஷ்கொட்டை, நம் வீதிகளின் மேப்பிள், ஊரில் துணி தோய்த்த பூந்திக்கொட்டை மூன்றும் தாவரவியலில் ஒரே குடும்பம்.

கேள்வி: கடலை அவிக்கும்போது பொங்கும் நுரையை ஊற்ற வேண்டுமா?

பதில்: ஊற்றலாம், விட்டாலும் கேடில்லை. புரதமும் கொஞ்சம் சப்போனினும் சேர்ந்த நுரை அது. கீன்வாவை மட்டும் நன்றாகக் கழுவுங்கள். கசப்பு அதன் மேல்தோலில் இருக்கிறது.

கேள்வி: பனங்களியின் கசப்பும் இதே இனமா?

பதில்: பெரியம்மா மகன் என்று சொல்லலாம். பனங்களியில் இருப்பது ஃபிளபெலிஃபெரின். அது ட்ரைடெர்ப்பீன் அல்ல, ஸ்டீரோயிட் சப்போனின். அதற்கும் சர்க்கரைச் சங்கிலி உண்டு, அதுவும் நுரைக்கும்.

கேள்வி: இலுப்பைப் புண்ணாக்கைக் குளத்தில் போட்டால் மீன் செத்து மிதக்கும். அதையே தலையிலும் தேய்த்து முழுகினோம். எப்படி?

பதில்: உயிரணுவின் சவ்வில் கொலஸ்ட்ரோல் இருக்கிறது. சப்போனின் அதைப் பிடித்துச் சவ்வில் ஓட்டை போடும். மீனின் செவுள் மெல்லியது, குருதி அதற்கு மிக அருகில் ஓடுகிறது; மூச்சுவிடும் இடமே உடைந்துபோகிறது. நம் தோலின் மேற்படை இறந்த உயிரணுக்களால் ஆனது, குடலும் சப்போனினை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஊசி வழியாக நேரே குருதிக்குள் போனால் நம் சிவப்பணுக்களும் உடையும்.

கேள்வி: அப்படியானால் அக்கித் தடுப்பூசியில் சப்போனின் சேர்க்கிறார்களாமே! பயமில்லையா?

பதில்: உண்மைதான், சேர்க்கிறார்கள். ஷிங்ரிக்ஸ் ஊசி ஒன்றில் கியூஎஸ்-21 என்ற சப்போனின் 50 மைக்ரோகிராம் உண்டு. சிலி நாட்டுக் குயிலாயா மரப்பட்டையிலிருந்து வருவது அது. அந்நாட்டு மக்கள் கழுவுவதற்குப் பயன்படுத்திய அதே பட்டை. நோயெதிர்ப்பு அணுக்களை அது பலமாகத் தட்டி எழுப்பும். தனியாக விட்டால் அணுக்களை உடைக்கும் என்பதால் கொலஸ்ட்ரோல் கலந்த நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் வைத்துக் கொடுக்கிறார்கள். பிடிப்பதற்குக் கொலஸ்ட்ரோல் பக்கத்திலேயே கிடைத்துவிடுவதால் நம் சவ்வுகள் தப்புகின்றன. எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது மிகுந்த மதிப்பு. 2024இல் ஈஸ்ட்டுக்குள்ளேயே இந்த மூலக்கூற்றை உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள். மரங்களுக்கும் அது நல்ல செய்தி.

கேள்வி: ஜின்செங் கொரியாவிலிருந்து வந்ததுதானே? (சொமர்லெட் பக்கத்து வாசகர்)

பதில்: இங்கேயும் ஒன்று உண்டு. மெர்சியே பாலத்தைத் தாண்டினால் மொஹாக் மக்களின் கானவாகே. ஜோசப்-பிரான்சுவா லாஃபித்தோ என்ற இயேசு சபைத் துறவி அங்கே இருந்தார். சீனாவிலிருந்த பியேர் ஜார்த்து என்ற இன்னொரு துறவி 1711இல் எழுதிய கடிதத்தில், இந்தச் செடி கனடாவிலும் இருக்கலாம் என்று ஊகித்திருந்தார். அதைப் படித்த லாஃபித்தோ மாதக்கணக்கில் தேடி 1716இல் கண்டுபிடித்தார். ‘கண்டுபிடித்தார்’ என்பது ஐரோப்பியருக்குத்தான் பொருந்தும். அவர் காட்டிய செடியை ஒரு மொஹாக் பெண் உடனே அடையாளம் சொன்னார். அவர்கள் அன்றாடம் கையாண்ட மருந்து அது.

பிறகு நடந்தது துயரம். சீனாவுக்கு ஏற்றுமதி பெருகியது, 1752இல் உச்சம். பேராசையில் காலம் தவறிப் பிடுங்கி, அடுப்பில் அவசரமாக உலர்த்தி அனுப்பினார்கள். வாங்குவோர் மறுத்தார்கள், வணிகம் விழுந்தது. விதை விழுந்து முளைக்கவே ஒன்றரை ஆண்டு எடுக்கும் செடி அது. வேரில் இருக்கும் ஜின்செனோசைட்டுகளும் ட்ரைடெர்ப்பீன் சப்போனின்களே. காட்டு ஜின்செங் இன்று கியூபெக் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. காட்டில் கண்டால் தொடாதீர்கள், கண்ட இடத்தை ஊருக்கு அறிவிக்கவும் வேண்டாம்.

கேள்வி: அம்மா தினமும் அதிமதுரக் கசாயம் குடிக்கிறா. மூலிகைதானே, ஒன்றும் செய்யாதே? (வாண்டோம் மெட்ரோ அருகிலிருந்து ஒரு மகள்)

பதில்: செய்யும். மொன்றியலிலேயே நடந்தது. 84 வயது மனிதர் ஒருவர், வீட்டில் போட்ட அதிமதுரப் பானத்தை இரண்டு வாரம் நாள்தோறும் ஒன்றிரண்டு கோப்பை குடித்து, ஆபத்தான குருதி அழுத்தத்தோடு மருத்துவமனைக்குப் போனார். மெக்கில் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2019இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் இதை எழுதினார்கள்.

அதிமதுரத்தின் இனிப்பு கிளிசிரிசின். சீனியைவிடச் சுமார் 50 மடங்கு இனிப்பு, அதுவும் ஒரு ட்ரைடெர்ப்பீன் சப்போனின். சிறுநீரகத்தில் கோட்டிசோல் என்ற ஹோமோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியம் ஒன்று உண்டு. கிளிசிரிசின் குடலில் உடைந்து வரும் பொருள் அந்த நொதியத்தைத் தடுத்துவிடும். கட்டுமீறிய கோட்டிசோல், உப்பைப் பிடித்துவை என்று சிறுநீரகத்துக்குக் கட்டளை இடுகிறது. உப்பும் நீரும் தங்குகின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது, அழுத்தம் ஏறுகிறது, இதயத் துடிப்பு தடுமாறலாம். பெரும்பாலான வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரிசின் வரை தீங்கு செய்யாது என்பது உலக நிபுணர் குழுவொன்றின் கணிப்பு. வீட்டுக் கசாயத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று யாரும் அளப்பதில்லை.

தொண்டை கரகரத்தால் ஒரு சிறு துண்டு வாயில் போடுவது வேறு, தினமும் குடிப்பது வேறு. பிரஷர் குளிசை, நீர் போகும் குளிசை, இதய மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். அம்மாவின் கசாயத்தை இன்றைக்கே நிறுத்தி, பிரஷரைப் பாருங்கள். குளிசைகளின் பெயரோடு கசாயத்தின் பெயரையும் மருந்தாளரிடம் சொல்லுங்கள்.