ஏழும் ஏழும் பதினாலு

சென்னையில் ஒரு ரயிலுக்குப் பறக்கும் ரயில் என்று பெயர். அதில் போகிறவர்கள் 14 மாதம் நடந்தார்கள்.

2023 ஆகஸ்ட் 27 அன்று கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே அந்த ரயிலை நிறுத்தினார்கள். கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதை போட வேண்டும். ஏழே மாதம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பொறுத்துக்கொண்டோம். நமக்கு வேறு என்ன வேலை?

நான்காவது பாதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே இருந்தவை மூன்று. இரண்டில் புறநகர் ரயில். மிச்சமிருந்த ஒன்றில்தான் எக்ஸ்பிரஸ், கூட்ஸ், போகிறது, வருகிறது எல்லாம். ஒன்று வந்தால் இன்னொன்று சிக்னலில் தவம் கிடக்க வேண்டும். பாதை தேவைதான். ஆனால் எக்ஸ்பிரஸ் காத்திருக்கக் கூடாது என்பதற்காக ஐந்து ரூபாய் டிக்கெட்காரனைக் கீழே இறக்கிவிட்டார்கள். வீட்டுக்காரர் மாடி எடுக்க, குடித்தனக்காரனைத் தெருவில் நிறுத்துகிற நியாயம் இது.

இறங்கியவர்கள் யார்? எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வந்து, கடற்கரையில் மாறி, தரமணிக்கு வேலைக்குப் போகிறவர்கள். பாரிமுனையில் மூட்டை தூக்குகிறவர்கள். அரசு பொது மருத்துவமனைக்குச் சீட்டும் கையுமாகப் போகிற நோயாளிகள். சைரன் வைத்த காரில் போகிறவர் ஒருவரும் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் ஏழு மாதம் ஏழு மாதமாகவே இருந்திருக்கும்.

ஏழு, பதினாலாயிற்று. 2024 அக்டோபர் 29 அன்றுதான் ரயில் திரும்பி வந்தது. நான்காவது பாதையின் மொத்த நீளம் 4.3 கிலோமீட்டர். 14 மாதத்துக்கு வகுத்தால் நாளொன்றுக்குப் பத்து மீட்டர். ஒரு ரயில் பெட்டியின் நீளத்தில் பாதி. அதுவும் தாராளக் கணக்கு. ரயில் திரும்பிய அன்றும் அந்தப் பாதை முடிந்திருக்கவில்லை.

திரும்பி வந்த ரயில் பார்க் டவுனில் நிற்கவில்லை. நிலைய வேலை பாக்கியாம். சென்ட்ரலுக்கும் பொது மருத்துவமனைக்கும் இறங்க வேண்டிய இடம் அது. நோயாளி ஜன்னல் வழியாக ஆஸ்பத்திரியைத் தரிசித்துக்கொண்டார்.

இதுவாவது ஏழு பதினாலான கதை. இதே தடத்தின் மறுமுனைக்குப் போங்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை ஐந்து கிலோமீட்டர் மேம்பாலப் பாதை. 2008இல் தொடங்கினார்கள். மதிப்பீடு 495 கோடி. நாலரை கிலோமீட்டர் மளமளவென்று எழுந்தது. மிச்சம் அரை கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் நிலத் தகராறு, வழக்கு, வாய்தா. நடந்தால் ஆறு நிமிடத் தூரம். பத்தாண்டுக்கு மேல் அந்தரத்தில் நின்றது. செலவு மட்டும் நிற்காமல் ஏறியது.

நிலத்துக்கு நியாயமான விலை கேட்டவர்கள்மீது பழி போடாதீர்கள். நிலம் கைக்கு வருமுன்னே இருபுறமும் தூண் நட்டவர்களைக் கேளுங்கள். பெண் பார்க்காமலே பந்தல் போட்ட புத்திசாலிகள் அவர்கள்தாம். ஒருவழியாக வேலை மறுபடி நடந்தபோது, 2024 ஜனவரியில் கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அந்த ஒன்றுக்காவது நன்றி சொல்வோம். திட்டத்துக்கு அல்ல, அதிர்ஷ்டத்துக்கு.

பொறுப்பு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு துறை இன்னொரு துறையைக் காட்டும். அந்தத் துறை ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரர் வானத்தைக் காட்டுவார். எல்லாக் கையும் நீண்டுதான் இருக்கும். வேலை செய்கிற கையைத்தான் காணோம்.

அவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும் தெரியவே தெரியாது. பயணியின் நேரத்துக்கு விலை. சிமெண்டுக்கு விலை உண்டு, கம்பிக்கு விலை உண்டு, மண்ணுக்குக்கூட உண்டு. ஷேர் ஆட்டோவில் தொங்கிய காலைக்கும், தாமதமாகப் போய் வெட்டுப்பட்ட அரைநாள் கூலிக்கும் எந்த மதிப்பீட்டிலும் இடமில்லை. நம் நேரம் ஓசி. அதனால்தான் இஷ்டத்துக்கு அள்ளுகிறார்கள்.

உங்கள் சீசன் டிக்கெட் நேற்றோடு முடிந்து, மறந்துபோய் இன்று ரயில் ஏறினீர்கள் என்று வையுங்கள். குறைந்தபட்ச அபராதம் 250 ரூபாய். கட்டணம் தனி. ஒரு நாள் தவறுக்கு இந்தத் தண்டனை. ஏழு மாதம் தவணை தவறிய வேலைக்கு யாருக்காவது அபராதம் விழுந்ததாக நீங்கள் கேள்விப்பட்டீர்களா?

கறுப்புக் கோட்டு நம் பெட்டியில் மட்டும்தான் ஏறுகிறது.